ஒரு முகத்துக்குப் பதினான்கு கத்திகள்

“சாமி, இவருக்கு முகம் ஒன்றுதானே? சவரக் கத்தி மட்டும் பதினாலு எதற்கு? நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்!”

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து, பங்கு மனைத் திண்ணையில் நாம் அமர்ந்திருந்த வேளையில் ஒரு சகோதரி நம்மிடம் இவ்வாறு வழக்குத் தொடுத்தார். அருகில் நின்ற கணவர் தலை கவிழ்ந்திருந்தார். அவர் வாணியம்பாடியில் தோல் பதனிடும் நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளர். குடியும் சூதும் அறியாதவர். கோவில் பாடகர் குழுவில் தவறாது பாடுபவர். அவர்மீது சாட்டப்பட்ட குற்றம் ஒன்றே. சம்பளம் வந்ததும் பழைய சாமான் கடைகளைத் தேடிச் சென்று, துருப்பிடித்த சவரக் கத்திகளை வாங்கி வருகிறார். இரவில் கல்லும் எண்ணெயுமாக அமர்ந்து அவற்றைத் தேய்க்கிறார். பிள்ளை “அப்பா” என்று அழைத்தாலும் காதில் விழுவதில்லை.

வழக்கைக் கேட்டபின் பொருளையும் பார்ப்பதே முறை. அன்று மாலையே அவர்கள் இல்லம் சென்றோம்.

மேசை இழுப்பறையில், எண்ணெய் தோய்ந்த துணியின்மேல் பதினான்கு கத்திகள் வரிசையாக உறங்கின. நம் தந்தையர் காலத்தில் நாவிதர் கையில் கண்ட அதே மடக்குக் கத்திகள். சிலவற்றுக்கு மாட்டுக் கொம்பில் கைப்பிடி, சிலவற்றுக்குக் கறுப்பு மரம், ஒன்றுக்குத் தந்தம். ஒவ்வொன்றையும் விரித்துக் காட்டியபோது, சற்றுமுன் திண்ணையில் வாய் திறவாத மனிதர் மடை திறந்தாற்போல் பேசலானார். அன்று அவரிடம் நாம் கற்றதையும், பின்னர் படித்து அறிந்ததையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் கத்தியின் அடித்தண்டைப் பார்க்க வேண்டுமாம். அதன் வயது அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. நட்சத்திரமும் சிலுவையும் பொறித்திருந்தால் அது இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராஜர்ஸ் நிறுவனத்தின் முத்திரை. 1764ஆம் ஆண்டு அந்நகரத்துக் கத்தித் தொழிலாளர் சங்கம் அவர்களுக்கு வழங்கியது. கைகோத்த இரட்டையர் உருவம் இருந்தால் அது ஜெர்மனியில் சோலிங்கன் நகரத்து ஹென்கல்ஸ். அம்முத்திரை பதிவானது 1731இல். தயாரித்த நாட்டின் பெயரும் பொறித்திருந்தால், அது பெரும்பாலும் 1890க்குப் பிற்பட்டது எனக் கொள்ளலாம். அவ்வாண்டு அமெரிக்கா இயற்றிய சுங்கச் சட்டம், அந்நாட்டில் இறங்கும் சரக்கின்மேல் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என விதித்ததே காரணம். இவ்வாறு ஒரு விரல் அகலத் தண்டில் வரலாற்றின் ஓர் ஏடு விரிகிறது.

“அது சரி, ஒன்று போதாதா?” என்று சகோதரி விடாது கேட்டார்.

போதாதென்பதற்கு அவர் கணவர் காரணங்கள் வைத்திருந்தார். எல்லாக் கத்தியும் ஒன்றுபோல் இராது. சிலவற்றின் குறுக்குவெட்டு ஆப்புப் போலத் தடித்திருக்கும். அடர்ந்த தாடிக்கு அது ஏற்றது. சிலவற்றின் இரு பக்கங்களும் உட்குழிவாகச் செதுக்கப்பட்டு, முனை தாள்போல் மெலிந்திருக்கும். அது தோலின்மேல் செல்லும்போது மெல்லிய ஓசை எழும். அகலத்திலும் வேறுபாடு உண்டு; அங்குலத்தை எட்டாகப் பகுத்து ஐந்து பங்கு, ஆறு பங்கு என்று கணக்கிடுவர். அன்றியும், மேனாட்டுச் செல்வர்கள் வாரத்தின் ஏழு நாள்களுக்கும் ஏழு கத்திகளை ஒரே பேழையில் வைத்திருந்தனர். ஒவ்வொன்றன் முதுகிலும் கிழமையின் பெயர் இருக்கும். ஒருநாள் உழைத்த முனைக்கு ஆறு நாள் ஓய்வு வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். “மனிதனுக்கு ஆறு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு என்று இறைவன் விதித்தார். உங்கள் கத்தி மனிதனைவிடப் பாக்கியம் செய்திருக்கிறதே!” என்று நாம் சொல்ல, சகோதரியும் சிரித்துவிட்டார்.

ஆயினும் அவர் சொன்ன காரணங்களுள் நம் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. “சாமி, கடையில் இதைப் பார்க்கும்போது இரும்புத் துண்டு. கிலோக் கணக்கில் போட்டிருப்பார்கள். ஒரு மாதம் உழைத்தால் மறுபடியும் கத்தியாகி விடுகிறது. அதற்குப் பிறகு குப்பையில் இன்னொன்றைப் பார்த்தால் விட்டுவிட்டு வர மனம் வருவதில்லை.”

அவ்வுழைப்பு எளிதன்று. துருவை எண்ணெயில் ஊறவைத்து, வரவர நைசான உப்புத்தாளால் கையாலேயே தேய்க்க வேண்டும். அவசரப்பட்டுச் சாணைச் சக்கரத்தில் கொடுத்தால் இரும்பு சூடேறி நீலம் பாரித்துப் பதம் போய்விடும். பதம் போன கத்திக்கு மீட்சி அரிது. பின்பு தீட்டுக்கல். கத்தியின் முதுகும் முனையும் ஒருங்கே கல்லில் படியுமாறு மட்டமாக வைத்து, முனை முன்செல்லத் தள்ள வேண்டும். எந்தக் கோணத்தில் தீட்டுவது என்ற கவலை இல்லை. செய்தவன் அதை முதுகின் கனத்திலேயே அமைத்து வைத்துவிட்டான். சொரசொரப்பான கல்லில் தொடங்கி, மெல்ல மெல்ல மென்மையான கல்லுக்கு வர வேண்டும். ஈற்றில் தோல் வார். அங்கே முறை தலைகீழ்: முதுகு முன்செல்ல, முனை பின்தொடர வேண்டும். மறந்து முனையை முன்னே தள்ளினால் வாரும் அறுபடும், முனையும் கெடும்.

வாருக்கு அவர் வெளியூர் சென்று அலையவில்லை. பாலாற்றுப் பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஊர்களில் தோலுக்குப் பஞ்சம் ஏது? ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுவது நம் நாட்டார் நெடுங்காலமாக அறிந்த கலை. அவ்வாறு மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில் ஒரு நீளத் துண்டைப் பெற்று வார் செய்துகொண்டார்.

தோல் நம்முடையது, இரும்பு அயலாருடையது என எண்ணிவிட வேண்டா. அதிலும் நம் மண்ணுக்கு ஒரு பங்கு உண்டு. மூசையில் இட்டுக் காய்ச்சிய நம் தென்னாட்டு உருக்கின் புகழ் பண்டே கடல் கடந்தது. லண்டனில் கத்தியும் அறுவைக் கருவியும் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவர் இந்திய உருக்கைப் போற்றியவர். அதன் இயல்பை ஆராயப் புகுந்து, மாமேதை மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து 1820, 1822ஆம் ஆண்டுகளில் ஆய்வுரைகள் வெளியிட்டார். பின்னர் 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர், சேலத்து இரும்புக் கனிமத்தைக் கொண்டு பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். அவ்விரும்பு ஷெஃபீல்டுக்கும் கப்பலேறியது. உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றவரும் அவரே. அம்முறையால் ஷெஃபீல்டு ஆலைக்காரர்கள் பெரும்பொருள் ஈட்டினர். அவருக்கோ உரிமைத் தொகைக்கு மாறாக நெடிய வழக்குகளே கிட்டின. 1851இல் அவர் மறைந்தார். முத்திரையில் பெயர் பொறித்தவர் ஒருவர், உழைத்தவர் வேறொருவர் என்பது கத்தி உலகிலும் உண்டு!

இத்துணை உழைப்பை வேண்டிய கத்தி ஏன் வழக்கொழிந்தது? அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட், தேய்ந்தால் எறிந்துவிடும் மெல்லிய பிளேடை 1903இல் விற்பனைக்குக் கொணர்ந்தார். அவ்வாண்டு விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தாம். அடுத்த ஆண்டே ரேசர்கள் 90 ஆயிரத்தைக் கடந்தன. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்க்கெல்லாம் அது வழங்கப்பட்டது. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் அப்பழக்கத்தையும் உடன் கொண்டுசென்றனர்.

நம் ஊர்ச் சவரக் கடைகளில் பழைய கத்தி மேலும் பல்லாண்டு நீடித்தது. அதற்கு முடிவு வந்த கதை நம் மாவட்டங்களுக்கு நெருக்கமானது. 1986ஆம் ஆண்டு சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் முயற்சியில் திரட்டப்பட்ட இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அப்போதுதான். அதன்பின் வந்த ஆண்டுகளில், இரத்தத்தின் வழியே பரவும் நோய்களைப் பற்றிய விழிப்பு நாடெங்கும் ஏற்பட்டது. ஒருவருக்குப் பயன்படுத்திய கத்தி மற்றவர்மேல் படலாகாது என்ற தெளிவு பிறந்தது. ஆளுக்கு ஒரு புதிய பிளேடு என்பது கடைகளில் வழக்கமாயிற்று. இது நன்மையே, ஐயமில்லை. பழைய கத்தியைப் புதுப்பிப்போரும் இதை மறவாது, அதைத் தம் ஒருவர் முகத்துக்கு மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அம்மாற்றத்தால், தலைமுறை தலைமுறையாய் வந்த கத்திகள் அடைப்பப் பையோடு பரண்மேல் ஏறின. பரணிலிருந்து பழைய சாமான் கடைக்கு இறங்கின.

இவ்வளவும் கேட்டபின் தம்பதியருக்கு நாம் சொன்னது இதுதான். வீசி எறியப்பட்டதை எடுத்துத் துடைத்து மறுவாழ்வு தருவதில் பிறக்கும் மகிழ்ச்சி தீயதன்று. இழந்ததைத் தேடி மீட்கும் இறைவனின் சாயல் பெற்ற மனிதனுக்கு அது இயல்பு. ஆயினும் திரட்டுவதற்கு ஒரு வரம்பு வேண்டும். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய செல்வனின் உவமை நெல்லுக்கு மட்டும் சொல்லப்பட்டதன்று. துரு ஏறிய இரும்புக்கு ஒரு மாதம் தருகிறவர், தாம் பெற்ற பிள்ளைக்கு ஒரு மணி நேரம் தரவேண்டாவா? வாரத்தில் இரு மாலை கத்திக்கு, மற்றவை இல்லத்துக்கு. புதிதாக ஒன்று வாங்கினால் பழையது ஒன்றைப் பிறருக்குக் கொடுத்துவிட வேண்டும். இருவரும் இசைந்தனர். நாமும் எழுந்தோம்.

அப்போது அவர், வரிசையின் ஓரத்தில் கிடந்த ஒரு கத்தியைக் கையில் எடுத்து, “சாமி, இது ஒன்று மட்டும் என் மனத்தை அறுக்கிறது” என்றார்.

அதைக் கடையில் வாங்கவில்லையாம். பாலாற்றை அடுத்த ஒரு சிற்றூரில், முதிய நாவிதர் ஒருவரின் இல்லத்தில் வாங்கியது. விற்றவர் அம்முதியவரின் பேரன். ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் பணிபுரியும் இளைஞர். “எடுத்துக்கொண்டு போங்கள் அண்ணா. இது வீட்டில் இருந்தாலே பேச்சு வருகிறது. என் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்” என்று அடைப்பத்தோடு தூக்கிக் கொடுத்தாராம். கத்திக்குரிய முதியவர் வாசற்படியில் அமர்ந்து அனைத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. “விலை பேசியது பேரனோடு. தாத்தாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை, சாமி.”

இதைக் கேட்டதும் நம் நெஞ்சிலும் ஒரு பழைய முள் அசைந்தது. நாம் சிறுவனாயிருந்த 1970களில், நம் ஊரில் வீட்டின் பின்கட்டுக்கு மாதமொருமுறை ஒரு பெரியவர் வருவார். நம் பாட்டனார் வயது அவருக்கு. பத்து வயதுகூட நிரம்பாத நாம் அவரை ஒருமையில் பெயர் சொல்லி அழைத்தோம். அவர் நம்மை “சின்னையா” என்றார். அவருக்குத் தண்ணீர் தரத் தனிக் குவளை இருந்தது. நாமோ அதே வாயால் ஞாயிறுதோறும் நற்கருணை வாங்கினோம். அது தவறென்று வீட்டிலும் எவரும் சொல்லவில்லை. மறைக்கல்வி வகுப்பிலும் எவரும் சொல்லவில்லை. நமக்கும் தோன்றவில்லை. வஞ்சக நாவைத் தீட்டிய சவரக் கத்திக்கு ஒப்பிடுகிறது 52ஆம் திருப்பாடல். நாவிதரின் கத்தி ஒருநாளும் நம்மேல் கீறலிட்டதில்லை. நம் நாவு அவரை எத்தனை முறை கீறியதோ!

அடுத்த சனிக்கிழமை நாம் இருவரும் அச்சிற்றூருக்குச் சென்றோம். முதியவருக்குக் கண்பார்வை மங்கியிருந்தது. நாற்காலி கொணர்ந்து போட்டார்கள். அவர் அதில் அமராது தரையில் அமர முற்பட்டார். “ஐயா, நீங்கள் அமர்ந்தால்தான் நாங்களும் அமர்வோம்” என்று சொல்ல வேண்டியிருந்தது. நண்பர், புதுப்பித்த கத்தியை அவர் கையில் வைத்தார்.

அம்முதிய விரல்கள் அதை அடையாளம் கண்டுகொண்டன. மடக்கினார்; விரித்தார்; பெருவிரலை முனைக்குக் குறுக்கே மெல்ல வைத்துப் பார்த்தார். “நல்லாத்தான் தேச்சிருக்கீங்க தம்பி. ஆனா வாருல அழுத்திட்டீங்க. முனை மழுங்கலா உருண்டுடுச்சு” என்றார். வாரைக் கேட்டு வாங்கினார். ஒரு முனையைப் பேரனைப் பிடிக்கச் சொன்னார். கத்தி வாரின்மேல் போயும் வந்தும் திரும்பும் இடத்தில், முதுகை ஊன்றி விரலிடுக்கில் அதை உருட்டித் திருப்பினார். பார்வை தேவைப்படவில்லை; ஓசையிலேயே அவருக்கு அளவு தெரிந்தது. நம் நண்பர் இரண்டு ஆண்டுகளாகப் பிடிபடாமல் தவித்த நுட்பம் அது. “இன்னொரு தடவை காட்டுங்கள் ஐயா” என்று மாணவனைப்போல் மண்டியிட்டுப் பார்த்தார். வாரைப் பிடித்து நின்ற பேரனும் தாத்தாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கத்தியைத் திருப்பித் தரவே வந்தோம் என்றோம். முதியவர் தலையசைத்தார். “எனக்கு இனிமே எதுக்கு? கண்ணு தெரியல. தம்பியே வச்சுக்கட்டும். ஆனா யாரோட கத்தின்னு கேட்டா, பேரைச் சொல்லுங்க.”

அன்பர்களே, பழைய சவரக் கத்திகளை மனிதர் ஏன் திரட்டுகின்றனர் என்ற கேள்விக்கு, அன்று அவ்வீட்டில் நமக்கு விடை கிடைத்தது. இரும்பும் முத்திரையும் மட்டுமே காரணமானால் அருங்காட்சியகம் போதும். தேய்ந்த தண்டிலும் மெருகேறிய கைப்பிடியிலும் ஒரு மனிதக் கையின் நெடுங்காலப் பொறுமை தங்கியிருக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்கவே மனம் ஏங்குகிறது. ஆனால் கையின் சுவட்டைப் போற்றிக்கொண்டு, அக்கைக்குரியவரை வாசற்படியில் விட்டுவருவது எவ்வகை நீதி? ஷெஃபீல்டு முதலாளியின் பெயர் இருநூறு ஆண்டுகளாய்த் தண்டில் நிற்கிறது. அக்கத்தியால் நம் ஊருக்கு முகம் திருத்தியவரின் பெயர் நமக்குத் தெரியாது. நம் முன்னோர் நாவிதர் குலத்தாரை மருத்துவர் என்றே அழைத்தனர். கட்டியை அறுத்து மருந்திட்டவர்கள் அவர்கள். பேறு பார்த்த மருத்துவச்சியர் அவர்கள் வீட்டுப் பெண்கள். நம்முள் பலருடைய பாட்டன்மாரை இவ்வுலகில் முதலில் ஏந்திய கை அந்தக் கைதான்.

திருச்சபை இதை மறக்கவில்லை. தென்னமெரிக்காவில் லீமா நகரில் 1579இல் பிறந்த மார்ட்டின் தே போரஸ், ஸ்பானியத் தந்தைக்கும் அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பினத் தாய்க்கும் மகன். சிறுவயதிலேயே நாவிதத் தொழிலும் அதனோடு இணைந்த மருத்துவமும் பயின்றார். பிறப்பின் காரணமாகத் தொமினிக்கன் மடத்தில் முதலில் ஏவலாளாகவே ஏற்கப்பட்டார். அங்கே சகோதரர்களுக்குச் சவரம் செய்தார். நோயாளிகளின் புண்களைக் கழுவினார். 1639இல் இறைவனடி சேர்ந்தார். திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 1962 மே 6ஆம் நாள் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். முடிதிருத்துவோருக்குப் பாதுகாவலர் அவரே. நவம்பர் 3ஆம் நாள் அவர் திருநாளன்று, நம் பங்குகளில் அத்தொழில் செய்வோரைப் பெயர் சொல்லி அழைத்து, பீடத்தின் அருகே அமர்த்தி மன்றாடினால் என்ன? வீடுகளில் பிள்ளைகளுக்கு, தொழிலை வசையாக்கும் சொல் பாவம் என்று கற்பித்தால் என்ன? அச்சொற்கள் பள்ளிக்கூடத்தில் பிறப்பதில்லை. நம் அடுப்பங்கரையிலும் திண்ணையிலும் பிறந்துதான் பள்ளிக்குச் செல்கின்றன.

சென்ற வாரம் அவ்வில்லத்துக்கு மீண்டும் சென்றிருந்தோம். கத்திகள் பதினொன்றாகக் குறைந்திருந்தன. ஓரத்துக் கத்தி தனிப் பெட்டியில் இருந்தது. பெட்டியின் உட்புறம் ஒரு சிறு தாள் ஒட்டியிருந்தது. முதியவரின் பெயர், அவர் ஊர், எத்தனை ஆண்டுகள் அத்தொழில் செய்தார் என்ற விவரம். எழுத்து கோணல் மாணலாக இருந்தது. யார் எழுதியது என்று கேட்டோம்.

“நான்தான் சாமி!” என்றான் அவர்கள் பிள்ளை. “அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தாத்தா பேருக்குப் பின்னாலே ‘ஐயா’ போடணும்னு அம்மா சொன்னாங்க.”